கறை நல்லதில்லீங்கோ!

இந்த வாரம் நம்ம மேட்டர் ஃபைபர் போட். படகு பாஸ், படகு! அதுல ஒட்டுன கறையை எப்படி எடுக்கிறதுங்கிறதுதான் சமாச்சாரம்.

'யோவ், நீ இருக்கிறது திருத்தணி. மலை மேல முருகன், அடிவாரத்துல சரவணப் பொய்கை. ஆடிக் கிருத்திகைக்கு அதுல தெப்பம் சுத்தும். அதை விட்டா உங்க ஊர்ல தண்ணியில மிதக்கிற ஐட்டம் என்ன இருக்கு?'ன்னு நீங்க நக்கல் அடிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. இருங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல நந்தி ஆறுன்னு ஒண்ணு ஓடுது. ஓடுதுன்னா... முக்கால்வாசி நாள் மணலாத்தான் கிடக்கும். நல்ல மழை பெய்ஞ்சாத்தான் 'நானும் ஆறுதான்'னு எட்டிப் பாக்கும். அந்தத் தண்ணி கொசஸ்தலை ஆத்துல கலந்து, 1944-ல் கட்டி முடிச்ச பூண்டி ஏரியைத் தாண்டி, கடைசியா எண்ணூர் முகத்துவாரத்துல கடலைச் சேருது. ஆக, எங்க ஊர் ஆத்துக்கு இன்னொரு முனையில கடல் இருக்கு. அந்த முனையில என் காலேஜ் தோஸ்த் ஒருத்தன் இருக்கான். மீனவக் குப்பத்துப் பையன்.

2023 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கா? மிக்ஜாம் புயல். சென்னையே மூழ்கிக் கிடந்தப்போ, மணலி தொழிற்பேட்டைப் பக்கத்துல இருந்து கச்சா எண்ணெய்க் கழிவு வெள்ளத்தோட வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்குள்ள புகுந்துடுச்சு. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம்... எங்க பாத்தாலும் கறுப்பு. ஆளுங்க மக்கையும் பக்கெட்டையும் வெச்சு எண்ணெயை அள்ளி டிரம்முல ஊத்தின போட்டோவை நீங்களும் பேப்பர்ல பாத்திருப்பீங்க. வலை காலி. கட்டிப் போட்டிருந்த படகுங்க எல்லாம் தார்ல முக்கி எடுத்த மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சுது. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரி பண்ணத் தலா 10,000 ரூபாய். 'வலைக்கே பத்தாதுடா மச்சி. இதுல படகை எங்க சரி பண்றது?'ன்னு போன்ல பேசுனான் நம்மாளு. குரல்ல பழைய லந்து எதுவும் இல்ல. அவங்கப்பா படகு 2004 சுனாமிக்கு அப்புறம் வந்தது. அதுக்கு முன்னாடி அவங்க வீட்டுல கட்டுமரம்தான். நிறையக் குப்பங்கள்ல கதை இதுதான். சுனாமி கட்டுமரத்தையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு, நிவாரணமா ஃபைபர் வந்து இறங்குச்சு.

'நான் வர்றேன்டா'ன்னு வாய் சொல்லிடுச்சு. எனக்குக் கறை எடுக்கத் தெரிஞ்சதெல்லாம் சட்டைக் காலர்ல மட்டும்தான்! நேரா போய் நின்ன இடம், எங்க ஊர்ல டிங்கரிங் பெயிண்டிங் ஷாப் வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுற பார்டர் பார்ட்டி. கார் பம்பர், ஸ்கூல் வேன் டாப்பு, ஆட்டோ முகப்புன்னு ஃபைபர் வேலையில கை தேர்ந்தவர். 'படகா? நான் படகைக் கிட்டத்துல பாத்ததே இல்லையேப்பா'ன்னார். 'ஃபைபர்தானே அண்ணே'ன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சார். 'ஆமா, ஃபைபர்தானே'ன்னு சொல்லிட்டுப் பையை எடுத்துட்டார்.

2024 பொங்கல் லீவு. திருத்தணியில எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி மாறி எண்ணூர். அண்ணன் பையில இருந்தது: வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், கார் வேக்ஸ் ஒரு டப்பா, ரெண்டு கிலோ பனியன் வேஸ்ட், அப்புறம் ஒரு பாலிதீன் கவர்ல வெள்ளையா ஒரு பவுடர். அந்தப் பவுடர் கதைக்கு அப்புறம் வர்றேன்.

படகைப் பாத்ததும் அண்ணன் முகம் மாறிடுச்சு. காரணம் எண்ணெய் இல்ல. எங்களுக்கு முன்னாடியே நம்மாளு தின்னரை ஊத்தி, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போட்டு ஒரு பக்கத்தை வறட்டு வறட்டுன்னு தேய்ச்சு வெச்சிருந்தான். கறுப்பு போச்சா? போகல. தேய்ச்ச இடமெல்லாம் அழுக்குப் பழுப்பா பரவி, அதுக்கு மேல பொடிப் பொடியா செம்புள்ளி. பத்தாக்குறைக்கு படகோட பதிவு எண்ணுல ரெண்டு எழுத்து காணோம். பெயிண்ட்ல எழுதினது, தின்னர் தின்னுடுச்சு. எண் இல்லாத படகோட கடலுக்குப் போனா ரோந்து போட் புடிச்சு உக்கார வெச்சுடும். அவங்கப்பா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தார். "நம்பர் போச்சு பாரு தம்பி... நம்பரைப் போக்கிட்டான் பாரு."

இங்க கொஞ்சம் சயின்ஸ். பயப்படாதீங்க, எக்ஸாம் கிடையாது. ஃபைபர் படகுன்னா கண்ணாடி இழைப் பாயை பாலியெஸ்டர் ரெசின்ல ஊற வெச்சு அடுக்கடுக்கா ஒட்டுனது. வெளியில நாம தொட்டுப் பாக்கிற வழுவழு தோலுக்கு ஜெல்கோட்னு பேர். கலர் கலந்த ரெசின், அவ்வளவுதான். மொத்தமே அரை மில்லிமீட்டர் சொச்சம். பல்லுக்கு எனாமல் எப்படியோ, படகுக்கு அது அப்படி. பல்லுல கறைன்னு அரத்தை வெச்சு யாராச்சும் ராவுவோமா? படகுல மட்டும் கூசாம ராவுறோம்.

தின்னர் என்ன பண்ணுதுன்னா, கெட்டியா மேல உக்காந்திருந்த எண்ணெயைத் தண்ணியாக்கி, ஜெல்கோட்ல இருக்கிற நுண்ணிய ஓட்டைக்குள்ள இன்னும் ஆழமா இறக்கி விட்டுடுது. ஊற விட்டா ஜெல்கோட்டையே இளக்கிடும். கம்பி நார் தன் பங்குக்கு இரும்புத் துகளை விட்டுட்டுப் போகும். உப்புக் காத்துல அது ஒரே ராத்திரியில துரு. அந்தச் செம்புள்ளி எண்ணெய் போட்டதில்ல மக்களே, நம்மாளே கைப்பட வெச்ச பொட்டு!

அண்ணன் முதல்ல எதையும் தேய்க்கல. எண்ணெய் படாத இடமாப் பாத்து விரலால ஒரு இழுப்பு இழுத்தார். விரல்ல வெள்ளையா மாவு. ஸ்கூல் கரும்பலகையில கை வெச்ச மாதிரி. அப்புறம் ஒரு கை தண்ணியை அள்ளித் தெளிச்சார். வெளுத்துக் கிடந்த நீலம், நனைஞ்ச இடத்துல மட்டும் பளிச்சுனு புது நீலம். காய்ஞ்சதும் மறுபடி வெளுத்துப் போச்சு. "இது கறை இல்ல தம்பி, வெயில்"னார். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் வருஷக்கணக்கா ரெசினை அரிச்சு மேல் தோலைப் பொடியாக்கிடுது. பொடிஞ்ச தோல் பஞ்சு மாதிரி, எது பட்டாலும் உறிஞ்சிக்கும். புதுப் படகா, பளபளப்பா இருந்திருந்தா அதே எண்ணெய் துடைச்சாலே பாதிக்கு மேல போயிருக்கும். உங்க வீட்டு மொட்டை மாடியில ஃபைபர் ஷீட், ஃபைபர் நாற்காலி ஏதாச்சும் மங்கிக் கிடந்தா இந்தத் தண்ணி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நனைச்சா கலர் திரும்புதுன்னா பாலிஷ் போட்டா தேறிடும்.

சரி, எண்ணெய்க்கு என்ன வழி? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது அண்ணனும் இல்ல, நானும் இல்ல. நண்பனோட அம்மா. "பலாப்பழம் அறுத்தா கையில பால் ஒட்டிக்குது, அதுக்கு சோப்பா போடுறோம்? எண்ணெய்தானே தடவுறோம்"னாங்க. அண்ணன் அவங்களையே பாத்தார். "அம்மா... கரெக்ட்!"

எண்ணெயை எண்ணெய்தான் இளக்கும். கெமிஸ்ட்ரி மிஸ் ஒரு பீரியட் முழுக்க நடத்துற பாடத்தை அம்மா ஒரு பலாச்சுளையில முடிச்சுட்டாங்க. தேங்காய் எண்ணெய் விக்கிற விலைக்குப் படகுக்குத் தடவ முடியுமா? வீட்டுல ரேஷன் பாமாயில் பாக்கெட் ரெண்டு இருந்துச்சு. பனியன் வேஸ்ட்ல அதைத் தொட்டு, கறுப்பு மேல வட்டமா தேய்ச்சு, கால் மணி நேரம் ஊற விட்டோம். அப்புறம் மரத்தூளைத் தூவி உலர்ந்த துணியால வழிச்சா... ஜவ்வு மாதிரி உருண்டு வந்துச்சு பாருங்க! ஒரே தடவையில இல்ல. மூணு தடவை. அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விடு போட்டு மெத்து பிரஷ்ல தேய்ச்சு அலசணும். இல்லேன்னா பாமாயிலே பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டுத் தூசியைச் சேர்க்கும். துணி சோப்பு எடுத்துட்டு வந்தான் நம்மாளு. உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காதுடா, திரிஞ்சுதான் போகும். லிக்விடு, டிடர்ஜென்ட் பவுடர்னா உப்புத் தண்ணியிலயும் வேலை செய்யும். குப்பத்துல நல்ல தண்ணின்னா லாரியில வர்றது. அதைப் படகுக்கு ஊத்துனா வீட்டுல சண்டை வரும். அதனால முதல் அலசல் எல்லாம் கடல் தண்ணி, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணி.

வழிச்ச மரத்தூள், துணியெல்லாம் என்ன பண்ணுனோம்? இதைச் சொல்லியே ஆகணும். நண்பன் பழக்கத்துல கரையில வீசப் போனான். அவங்கப்பா போட்டாரு பாருங்க ஒரு சத்தம்! "எங்க இருந்து வந்துச்சோ அங்கேயே அனுப்புறியா?" ரெண்டு கோணிப்பையில கட்டி, எண்ணெய்க் கழிவு டிரம் வெச்சிருந்த இடத்துல கொண்டு போய்ச் சேர்த்தோம்.

இப்ப வெள்ளைப் பவுடர் சீன். அது ஆக்ஸாலிக் ஆசிட். மொசைக் தரைக்கு பாலிஷ் போட வர்றவங்க தண்ணியோட தூவித் தேய்ப்பாங்களே, அதேதான். ஹார்டுவேர் கடையில கிடைக்கும். துருவுல இருக்கிற இரும்பைப் புடிச்சுத் தன்னோட கரைச்சுக்கிட்டு வந்துடும், ஜெல்கோட்டைத் தொந்தரவு பண்ணாது. செம்புள்ளி மட்டுமில்ல... போல்ட்டுக்குக் கீழ ஒழுகி இறங்கின துருக் கோடு, இலை தழை ஊறின சாயம், தண்ணி மட்டத்துல படகைச் சுத்தி விழுற பழுப்புப் பட்டை, எல்லாத்துக்கும் மருந்து அதுதான். வீட்டுல பித்தளைக்குப் புளி போடுறோமே, அந்தப் புளியோட பெரிய அண்ணன்னு வெச்சுக்குங்க.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். பிளாஸ்டிக் பக்கெட்லதான் கலக்கணும். ஆனா படகோட பக்கவாட்டுல தண்ணி மாதிரி ஊத்துனா நிக்குமா? வழிஞ்சு ஓடிடும். அதுக்கு நான் கொடுத்த ஐடியாதான் அன்னிக்கு என்னோட ஒரே பங்களிப்பு. எலெக்‌ஷன் டைம்ல போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சுவோமே, அந்தக் கூழு! ஆறின மைதாக் கூழுல ஆசிட் தண்ணியைக் கலந்து, பிரஷ்ல அப்பி விட்டோம். கப்புன்னு புடிச்சுக்குச்சு. காய விடக் கூடாது, பதினஞ்சு நிமிஷத்துல அலசிடணும். செம்புள்ளி எல்லாம் போயே போச்சு! மிச்சம் மீதி இருக்கிற புளிப்பை எடுக்க, ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில ஒரு கழுவு.

கொஞ்சம் சீரியஸ். ஆக்ஸாலிக் ஆசிட் வாயில போனா விஷம். பவுடர் மூக்குல ஏறுனா எரியும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி கண்டிப்பா வேணும். சின்னப் பசங்க, ஆடு, நாய் எதுவும் கிட்ட வரக் கூடாது. அலுமினிய பார்ட்ஸ், ஜி.ஐ. கம்பி மேல பட விடாதீங்க, அரிச்சுடும். 'சூப்பரா வெளுக்கட்டும்'னு இதோட பிளீச்சிங் பவுடரைக் கலந்தீங்கன்னா குளோரின் வாயு கிளம்பும். ஆஸ்பத்திரிக்கு நேரா டிக்கெட். பூஞ்சைக் கறுப்புக்குத் தனியா, ரொம்பத் தண்ணி கலந்து பிளீச் போடலாம். துருவுக்குப் போட்டா கறை இன்னும் கெட்டியாத்தான் புடிக்கும். பாத்ரூம் கழுவுற ஆசிட் பக்கமே போகாதீங்க.

இவ்வளவும் ஆனப்புறம் பழுப்பா ஒரு நிழல் மட்டும் மிச்சம். பொடிஞ்ச தோலுக்குள்ள இறங்கின எண்ணெய். அதுக்கு வேற வழியில்ல, அந்தத் தோலைத்தான் உரிக்கணும். அண்ணன் 800 நம்பர் வாட்டர் பேப்பரை எடுத்துத் தண்ணியில நனைச்சு, ஒரு மரக்கட்டையில சுத்தி, குழந்தைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி தேய்ச்சார். அப்புறம் 1200. அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட். தண்ணி போட்டுக்கிட்டே இருக்கணும். காய்ஞ்ச பொடியை மூச்சுல இழுக்கக் கூடாது. கையில பட்டா அரிப்பு பின்னிடும். எப்ப நிறுத்துறதுங்கிறதுதான் இதுல தொழிலே. தேய்க்கிற இடத்துல கலர் மெலிஞ்சு, பாய் பின்னின மாதிரி இழை தெரியுற மாதிரி இருந்தா அந்த செகண்ட்ல கையை எடுத்துடணும். அதுக்கு மேல போனா கறை போகாது, படகுதான் போகும். முன் பக்கத்துல ஒரு இடத்துல அண்ணன் அப்படித்தான் நிறுத்திட்டார். நிழல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. 'போதும்'னுட்டார். நான் இன்னும் ரெண்டு இழுப்பு இழுக்கலாம்னு பாத்தேன். முறைச்சார்.

ஆர்டர் மறந்துடாதீங்க: முதல்ல எண்ணெய், அப்புறம் சோப்பு, அப்புறம் பவுடர், கடைசியாத்தான் பேப்பர். நம்ம ஜனங்க எல்லாரும் பேப்பர்ல ஆரம்பிக்கிறோம், கையில முதல்ல கிடைக்கிறது அதுங்கிறதால.

பாலிஷ் போட்ட இடத்துல கார் வேக்ஸ் ரெண்டு கோட். இது அழகுக்கு இல்ல, அடுத்த அழுக்கு உள்ள இறங்காம இருக்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை போட்டாலே வெயில் அரிக்கிறது நிறையக் குறையும். எங்க போடக் கூடாதுன்னு அவங்கப்பாதான் சொன்னார். "உள்ள காலை வைக்கிற இடத்துல தடவிடாதீங்க நைனா. ராத்திரி அலையில வழுக்கிச்சுன்னா ஆளே கிடைக்க மாட்டான்." கார் பெயிண்டர் அண்ணனுக்கு அது தோணவே இல்ல. காருக்குள்ள யாரு நின்னுக்கிட்டு வலை இழுக்கிறாங்க?

அடிப்பக்கத்துல கொப்புளம் கொப்புளமா எதையாச்சும் பாத்தீங்கன்னா அது கறை கேஸே இல்ல. ஜெல்கோட்டுக்குள்ள தண்ணி ஊறிப் போச்சுன்னு அர்த்தம். குத்துனா புளிச்ச வாடையில தண்ணி வரும். அதைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காம ஃபைபர் வேலை தெரிஞ்சவரைக் கூப்பிட்டு, உரிச்சு, காய வெச்சு, புதுசா ரெசின் போடணும். மயிரிழை வெடிப்புல கறுப்பு இறங்கியிருந்தாலும் அப்படித்தான். இந்தப் படகுல நல்லவேளை கொப்புளம் எதுவும் இல்ல.

ரெண்டு நாள் ஆச்சு எங்களுக்கு. மூணு பேர் தோள்பட்டையும் காலி. படகு புதுசு மாதிரி ஆயிடுச்சுன்னு நான் அடிச்சு விட மாட்டேன். நீலம் திரும்புச்சு, நம்பரை நண்பனே பெயிண்ட் வாங்கி எழுதுனான். முன்ன இருந்ததை விடக் கோணல்தான், ஆனா படிக்க முடியுது. அவங்கப்பா மூக்கைப் படகு ஓரத்துல வெச்சு மோந்து பாத்துட்டுச் சொன்னார்: "கறை போச்சு. நாத்தம் இருக்கு." மீன் புடிச்சாலும் 'எண்ணூர் மீனா?'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்களாம் ஜனங்க. அந்த வாடைக்கு எங்க பையில பவுடர் எதுவும் இல்ல.

இன்னொண்ணு. உள்பக்கம், அணியத்துக்கு அடியில ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பை அப்படியே விடச் சொல்லிட்டார். அண்ணன் கை பரபரங்குது, 'அஞ்சு நிமிஷ வேலைங்க'ன்றார். "இருக்கட்டும் தம்பி. நாளைக்கு யாராச்சும் வந்து, உன் படகுல எண்ணெய் எங்கய்யா பட்டுச்சுன்னு கேட்டா, எதைக் காட்டுவேன்?"

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நண்பன் வீட்டோட திருத்தணி வந்தான். காவடி எடுத்து, படி ஏறி இறங்கி, அடிவாரத்து டீக்கடையில உக்காந்தோம். கை கழுவப் போனவன் வாஷ் பேசினையே உத்துப் பாத்துக்கிட்டு நிக்குறான். குழாய்க்குக் கீழ செம்மையா ஒரு துருக் கோடு. கடைக்காரர்கிட்ட திரும்பி, ரொம்ப சின்சியரா கேக்குறான்: "அண்ணே... வீட்டுல மைதா இருக்கா?"